கண்ணாடிப் பெட்டியில் சாளக்கிராமம்

எங்கள் சேகரிப்பைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: டைனோசர் எங்கே? இல்லை என்றதும் முகம் தொங்கிவிடும். கல்லாகிப்போன மரத்துண்டும், யானைத் தாடையும், திமிங்கில விலா எலும்பும் அவர்களுக்குப் போதாது. பத்து நிமிடத்தில் மூன்று அறையையும் சுற்றிவிட்டு, கழிப்பறை எங்கே என்று இரண்டாவது கேள்வி கேட்பார்கள்.

நான் மணிமொழி. அடையாறு பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில், பெயர் வேண்டாம், தொல்லுயிர்ப் படிமங்களில் ஆய்வு செய்கிறேன். சொந்த ஊர் அரியலூர். கடல் இருந்து வற்றிப்போன பூமி அது. நத்தைபோலச் சுருண்டு கல்லாகிக் கிடக்கும் அம்மோனைட்டுகளை எங்கள் ஊரில் சுண்ணாம்புக் கல்லோடு சேர்த்து அள்ளி சிமெண்டாக அரைக்கிறார்கள். அதனால் கல்லைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும். வெள்ளிக்கிழமை மதியங்களில் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலை என் தலையில் விழுந்திருந்தது.

விஜயலக்ஷ்மி மாமி வந்தது அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. டைனோசரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நேராக இரண்டாவது அறைக்குப் போய், அம்மோனைட்டுகள் இருந்த பெட்டி முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்பு உருண்டைக் கல். பக்கத்தில் அட்டை: ‘அம்மோனைட் படிமம், கண்டகி ஆற்றுப் படுகை. நன்கொடை: ஆர். வைத்தீஸ்வரன், மயிலாப்பூர்.’ மாமியின் கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் கொட்டியது.

வைத்தீஸ்வரன் அவருடைய மாமனார். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். ஐம்பது வயதில் கடவுள் இல்லை என்று தீர்மானித்து, பரம்பரையாக வீட்டில் பூஜை செய்துவந்த சாளக்கிராமத்தை எங்கள் துறையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சாளக்கிராமம் என்பது நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட்தான். எங்களுக்குப் பதினைந்து கோடி ஆண்டுப் பழைய கடல் பிராணி, அவர்களுக்கு விஷ்ணு. வீட்டில் இருந்தால் தினமும் அபிஷேகம் செய்து, சாதம் நைவேத்தியம் காட்டியே ஆகவேண்டும். முடியாவிட்டால் முடிகிற ஒருவர் கையில் ஒப்படைக்க வேண்டும். விற்கக் கூடாது, பட்டினி போடவே கூடாது. போட்டால் அந்த வீட்டில் வம்சம் தழைக்காதாம்.

மாமியின் ஒரே மகள் மாளவிகாவுக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்துவிட்டது. டாக்டர்கள் காரணம் தெரியவில்லை என்றார்கள். காரணம் தெரிந்த ஜோசியர் ஒருவர் கிடைத்தார். ‘உங்கள் வீட்டு ஸ்வாமி ஒன்று பட்டினி கிடக்கிறது’ என்று அவர் சொன்ன நாளிலிருந்து மாமிக்குத் தூக்கம் இல்லை. அந்தக் கல் வீட்டுக்குத் திரும்பினால்தான் மூன்றாவதாவது தங்கும் என்று நம்பினார். இதை என்னிடம் சொல்லும்போது குரலே எழும்பவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. நானேதான் அவரைக் காப்பாட்சியர் ஆனந்தகுமாரிடம் அழைத்துப் போனேன்.

ஆனந்தகுமாருக்கு இப்படி யாராவது வந்து மாட்டினால் கரும்பு தின்னக் கூலி. கும்பிட்ட கையோடு நின்றவரை உட்காரக்கூடச் சொல்லாமல், அது செத்துப்போன பிராணி, கணவாய் மீனுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை, நீங்கள் சாதம் போட்டாலும் சாப்பிட வாய் கிடையாது என்று விளக்கம் சொன்னார். மாமி அழுதார். அவர் இன்னும் கொஞ்சம் விளக்கினார். கடைசியில் அலுத்துப்போய், கொடுத்ததைத் திருப்பித் தருகிற வழக்கம் இல்லை, ஆனால் சேகரிப்புகளுக்கு இடையில் மாற்றிக்கொள்கிற வழக்கம் உண்டு, இதைவிட நல்லதாக ஒன்று கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். எது நல்லது என்று ஒரு படத்தையும் காட்டினார். கல் வாயைத் திறந்திருக்க வேண்டும், உள்ளே சக்கரம் வரி வரியாகத் தெரிய வேண்டும். வாசல் வரைக்கும் நான் கூடப் போனேன். மாமி அழுகையை நிறுத்திவிட்டிருந்தார். எதையோ யோசித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

ஐப்பசி மழையில் வேளச்சேரி மிதந்துகொண்டிருந்த வாரத்தில் மறுபடி வந்தார். கூடக் கணவர் ஸ்ரீவத்சன். பெண்கள் சாளக்கிராமத்தைத் தொடுவதில்லை என்பதால் பட்டுத்துணி முடிச்சு அவர் கையில் இருந்தது. அவர் பேசி நான் கேட்டதே இல்லை. முடிச்சை அவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு, திமிங்கில எலும்பைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார்.

அந்தக் கல்லைப் பார்த்ததும் ஆனந்தகுமார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வாய் திறந்த கல். உள்ளே சக்கரத்தின் ஒவ்வொரு வரியும் நேற்றுச் செதுக்கியது மாதிரி இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பாலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்ததில் வெளிப்புறம் கருநாவல் பழமாக மின்னியது. இது யாருடையது என்று நான்தான் கேட்டேன்.

“எங்காத்துக்காரரோட சித்தப்பா, சுப்புராயன் மாமாவோடது. சித்திரக்குளத்துக்கிட்ட தனியா இருக்கார். விழுந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு. குனிஞ்சு அபிஷேகம் பண்ண முடியலை. நீதான் ஸ்வாமியைப் பட்டினி போடமாட்டேன்னு எங்கிட்ட ஒப்படைச்சார்.”

அவர் படுக்கையில் கிடந்த மாதங்களில் தினமும் ரசம் சாதம் எடுத்துப் போனவர் இந்த மாமிதான். பெங்களூரில் இருக்கும் மகன் போனில் விசாரிப்பதோடு சரி. இதையும் மாமியே சொன்னார். இந்த மாற்றம் சுப்புராயனுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“கேட்டாக் கொடுப்பாரா?” என்றார், சாதாரணமாக.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்படியானால் இந்த ஸ்வாமி இனிமேல் இங்கே பட்டினி கிடக்காதா என்று கேட்டேன். மாமி என்னை, கணக்கு வராத குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இது எங்காத்து ஸ்வாமி இல்லையேம்மா.”

அன்றே காரியம் முடிந்தது. ஆனந்தகுமார் வைத்தீஸ்வரனின் கல்லில் இருந்த பதிவேட்டு எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுக்கல்லின் அடியில் வெள்ளை வண்ணம் தடவி, அதே எண்ணைக் கறுப்பு மையில் எழுதினார். புது எண் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும் என்றேன். எழுதினால் அனுமதி எங்கே என்று கேட்பார்கள், எண்ணுக்கு ஒரு கல் இருக்கிறதா, தணிக்கைக்கு அது போதும் என்றார். பழைய அட்டையையும் மாற்றவில்லை. ஆக, சுப்புராயனின் கல் பெட்டிக்குள் போய் வைத்தீஸ்வரனின் நன்கொடையாக உட்கார்ந்துகொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு எங்கள் துறையில் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதன்பிறகு மாமி இரண்டு மூன்று முறை ஆனந்தகுமாருக்குப் பட்சணம் கொண்டுவந்து கொடுத்தார். மாளவிகா உண்டாகியிருந்தாள். மூன்று மாதம் தாண்டியது, ஐந்தும் தாண்டியது. சுப்புராயன் கண்டுபிடிக்கவில்லையா என்று நான் ஒருமுறை குத்தலாகக் கேட்டேன். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சேவித்துவிட்டுத்தான் போகிறார், வெளியிலிருந்து வருவதால் மடி இல்லை என்று அவரே தூரத்தில் நின்றுகொள்கிறார், சந்தனமும் துளசியும் சாத்தியிருக்கும்போது எல்லா ஸ்வாமியும் ஒன்றுதானே என்றார் மாமி. குளித்து, யாரையும் தொடாமல், தோய்த்து உலர்த்திய துணியோ பட்டோ உடுத்தியிருந்தால்தான் அவர்கள் கல்லைத் தொடுவார்கள். கிழவரின் ஆசாரமே மாமிக்கு வேலியாக இருந்தது.

கோடையில் எங்கள் அறைகளைப் புதுப்பித்துத் திறந்தார்கள். மயிலாப்பூரில் வீட்டு வாசலில் இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகை ஒன்று அதைப் படத்தோடு போட்டது. அந்தப் படம் கல்லின் வாயை நன்றாகக் காட்டியது. சுப்புராயன் அதைப் பார்த்துவிட்டு, இது என்னுடைய ஸ்வாமி என்று மகனுக்குப் போன் போட்டிருக்கிறார்.

மகன் ஸ்ரீநாத் அப்பாவோடு வந்தார். மாமியையும் ஸ்ரீவத்சனையும் அவரே வரச்சொல்லியிருந்தார். எல்லாரையும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் அப்பா நிற்கிறாரே என்கிற நினைப்பே இல்லாமல், ஆனந்தகுமாரிடம் விஷயத்தைச் சொன்னார். அப்பாவுக்கு ஞாபகம் தப்புகிறது. கேஸை மூடாமல் விடுகிறார், சாவியை மறக்கிறார். பாலவாக்கத்தில் இந்த மாதிரி முதியவர்களைக் கதவு பூட்டிப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் இடம் சொல்லிவைத்திருக்கிறார். அப்பாவின் மயிலாப்பூர் வீட்டை வாங்கவும் ஆள் தயாராக இருக்கிறார். அப்பாதான் சம்மதிக்கவில்லை.

“இந்தக் கல் அவரோடதுதான்னு ஆச்சுன்னா, நான் இனிமே வாயைத் திறக்க மாட்டேன். அவர் ஆத்துலயே இருக்கட்டும். இல்லேன்னா இல்லத்துக்கு வரணும். அவரே ஒத்துண்டிருக்கார்.”

சுப்புராயன் தலையை ஆட்டினார். ஒல்லியான மனிதர், ஏஜி ஆபீஸில் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவர். குளித்து, பட்டு வேஷ்டி உடுத்தி, காரில் மகன் தோள்கூடப் படாமல் ஒதுங்கி உட்கார்ந்து வந்திருக்கிறார். ஒரு கையில் தடி. கார் வழி தவறியபோது சரியான திருப்பத்தைச் சொன்னது தான்தான் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். அரியலூர் என்றதும், அங்கே நத்தைக்கல் கிடைக்குமே, எல்லாவற்றையும் சிமெண்டுக்காரன் தின்றுவிட்டானா என்றார். ஞாபகம் தப்பிய மனிதர் பேசுகிற பேச்சா அது? எனக்கு அந்த மகனை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது.

பெட்டி முன்னால் வந்ததும் அவர் சிரிப்பு போய்விட்டது. கண்ணாடியில் மூக்கு உரசப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரே ஒரு தடவை கையில் தரமுடியுமா, மடியாகத்தான் வந்திருக்கிறேன் என்று கேட்டார். ஆனந்தகுமார் கூடாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நான் சாவியைப் போட்டுத் திறந்துவிட்டேன்.

கல்லை உள்ளங்கையில் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் தானாகக் கல்லின் விளிம்போடு போய், அடியில் ஓரிடத்தில் நின்றது.

“எங்கப்பா கைலேர்ந்து நழுவித் தாம்பாளத்துல விழுந்து தெறிச்ச இடம். எனக்கு அப்போ பூணூல்கூடப் போடலை. தினம் அபிஷேகம் பண்றச்சே இந்த இடத்துல விரலை வச்சுண்டுதான் பிடிப்பேன்.”

விரலை எடுத்துக் காட்டினார். அரை அரிசி அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது, எல்லாரும் பார்த்தோம். அவர் கண்ணைத் திறக்கவில்லை. இத்தனை நாள் சாப்பிடாமலே இருந்துட்டியா என்று கல்லிடம்தான் கேட்டார்.

ஆனந்தகுமார் தொண்டையைக் கனைத்தார். பழைய கல் எல்லாவற்றிலும் எங்காவது ஒரு மூலை தெறித்துத்தான் இருக்கும் என்றார். கல்லைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். அடியில் வெள்ளைப் பட்டையில் எண் இருந்தது. உங்கள் கல்லில் எண் இருந்ததா என்று கேட்டார். ஸ்வாமிக்கு எதற்கு எண் என்றார் சுப்புராயன். அவ்வளவுதான், ஆனந்தகுமார் மகனைப் பார்த்துக் கையை விரித்தார். பிறகு அட்டையைப் படித்துக் காட்டினார். வைத்தீஸ்வரன் உங்கள் அண்ணன்தானே சார், ஒரே வீட்டுக் கல், ஒரே மாதிரிதான் இருக்கும், நீங்கள் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று தேன் ஒழுகச் சொன்னார். ஸ்ரீநாத் பெருமூச்சு விட்டார். அதில் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஐயா, இது உங்க கல்லுதான். போன ஐப்பசியில இவங்கதான் கொண்டுவந்து மாத்திக்கிட்டாங்க. அந்த நம்பரை இவர் எழுதும்போது நான் பக்கத்துல நின்னேன்.”

உடனே ஸ்ரீவத்சன் திமிங்கில எலும்புப் பக்கம் நகர்ந்தார். ஆனந்தகுமார் கோபப்படவில்லை, அதுதான் அவருடைய சாமர்த்தியம். இந்தப் பெண்ணின் ஆய்வேட்டை நான் திருப்பி அனுப்பியதிலிருந்து இப்படித்தான், யார் வந்தாலும் என்மேல் எதையாவது சொல்கிறாள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஸ்ரீநாத்திடம் வருத்தமாகச் சொன்னார். ஆய்வேட்டைத் திருப்பியது உண்மைதான். உண்மையை வைத்துக் கட்டுகிற பொய்தான் நிற்கும்.

விட்டேனா? இவர்கள் வீட்டில் இருக்கிற கல்லையும் இவர் கையில் கொடுங்கள், அந்தப் பள்ளம் இருக்கிறதா இல்லையா என்று இவர் விரலே சொல்லிவிடும், இங்கிருந்து மயிலாப்பூர் எவ்வளவு தூரம், இப்போதே போகலாம் என்றேன். ஸ்ரீநாத் முதல்முறையாக மாமியைத் திரும்பிப் பார்த்தார். சுப்புராயனும் பார்த்தார். மாமி மாட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

மாமி பதறவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மடி கெடாத தூரத்தில் கிழவருக்கு எதிரே போய் நின்றார். பாவத்துக்குப் பயந்தவர் அவர். வாயால் ஒரு பொய் சொல்லவில்லை.

“மாமா, நான் அப்படிப் பண்ணுவேனா?”

மாமியின் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மகளுக்கு ஏழாம் மாதம், இப்போது கல்லைத் திருப்பினால் எல்லாம் போய்விடும் என்கிற பயம் நிஜமானதுதான். ஆனால் கிழவருக்கு அந்தப் பயம் எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது ரசம் சாதம்.

சுப்புராயன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டைவிரல் இன்னும் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது. அதை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்ல எடுத்தார்.

“மாட்டேம்மா. நீ பண்ண மாட்டே.” அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, “அப்போ என் விரல்தான் பொய் சொல்றது” என்றார்.

போய்ப் பார்த்தால்தான் என்ன ஐயா, ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன் என்று நான் கெஞ்சினேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை. இன்னொருத்தர் வீட்டு ஸ்வாமியைச் சோதித்துப் பார்ப்பதா என்று கேட்டுவிட்டுக் கல்லை என்னிடம் நீட்டினார். நான் பெண், மடியும் இல்லை. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேறு யாருடைய பொருளையோ திருப்பிக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்தார். என் உள்ளங்கையில் அது சூடாக இருந்தது.

ஸ்ரீநாத் பக்கம் திரும்பி, நீ சொன்னது சரிதான், எனக்குப் புத்தி தடுமாறுகிறது, எப்போது கூட்டிக்கொண்டு போகிறாயோ போ என்றார். மகன் உடனே போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஆனந்தகுமார் பெட்டியைப் பூட்டச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார்.

சுப்புராயன் வாசல்வரை போனவர் நின்றார். எனக்காகத்தான் நின்றார். ஏதோ சொல்லப்போகிறார், கண்ணாலாவது ஒன்று காட்டுவார் என்று நான் கிட்டே ஓடினேன்.

“படிக்கிற பொண்ணு நீ. நல்லவா மேல இப்படிப் பழி சொல்லப்படாதும்மா.”

வெளியே நாலு படி. தடியை முதல் படியில் ஊன்றியபோது அது வழுக்கியது. மாமி ஓடிப்போய்க் கையை நீட்டினார். இனிமேல் எந்த ஸ்வாமியைத் தொடப்போகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, சுப்புராயன் மடி பார்க்கவில்லை. அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.